பூவின் எதிரே உட்கார்ந்தவர்: கிறிஸ்டியான் கொன்ராட் ஸ்ப்ரெங்கல்



1787ஆம் ஆண்டுக் கோடை. பெர்லினுக்கு மேற்கே, ஸ்ப்ரே ஆறு ஹாவெல் ஆற்றில் கலக்கும் இடத்தில் ஸ்பாண்டாவ் என்றொரு கோட்டை நகரம். அங்கிருந்த பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் ஒரு காட்டு ஜெரேனியம் பூவைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். ஊதா நிறத்தில் ஐந்து இதழ்கள். ஒவ்வோர் இதழின் அடியிலும், இரு ஓரங்களிலும், மெல்லிய மயிர்கள் இருக்கின்றன. அந்தப் பூவை அவருக்கு முன்னால் எத்தனையோ தாவரவியலாளர்கள் பார்த்திருக்கிறார்கள், பெயரிட்டிருக்கிறார்கள், மகரந்தத்தாள்களை எண்ணியிருக்கிறார்கள். மயிர் இருப்பதையும் சிலர் குறித்திருக்கக்கூடும். இவர் கேட்டது வேறு கேள்வி. இந்த மயிர் இங்கே எதற்கு?

அவர் இறைப்பற்று மிகுந்தவர். இறையியல் படித்தவர். படைத்தவன் ஒரு மயிரைக்கூடக் காரணமில்லாமல் வைத்திருக்க மாட்டான் என்பது அவர் நம்பிக்கை. அதனால் உற்றுப் பார்த்தார். இதழ்களின் அடியில் ஐந்து சிறு சுரப்பிகள் தேன்துளிகளைச் சுரக்கின்றன, அந்தத் துளிகளுக்கு நேர் மேலே இந்த மயிர்கள் நிற்கின்றன என்று தெரிந்தது. மழைத்துளி இதழில் வழிந்து இறங்கினால் மயிர்களில் தங்கிவிடும், தேனில் கலக்காது. நெற்றியில் வழியும் வியர்வையைப் புருவமும் இமைமயிரும் தடுத்துக் கண்ணைக் காக்கின்றனவே, அதைப் போலத்தான் இது என்று அவரே பின்னால் எழுதினார்.

அங்கிருந்து அடுத்த கேள்வி பிறந்தது. தேனை இவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றி வைத்திருப்பது யாருக்காக?

பூவிலுள்ள தேனைப் பற்றி அன்று இருந்த கருத்துகளைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கேள்வியின் துணிச்சல் விளங்கும். பூவில் தேன் ஊறும் பகுதிக்குப் பெரும் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயர் கொடுத்திருந்தார். அதன் வேலை என்ன என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை. வளரும் விதைக்கு அது உணவு என்று சிலர் எழுதினார்கள். அப்படியானால் தேனை எடுத்துக்கொண்டு போகும் தேனீ திருடன்தானே? தேனீக்களால் பூக்களுக்குக் கெடுதல் என்று நம்பியவர்கள் கற்றவர்களிலேயே இருந்தார்கள். வண்டும் பூவும் சேர்ந்து வரும் கவிதைகள் எத்தனையோ மொழிகளில் உண்டு. ஆனாலும் வண்டு பூவுக்கு என்ன செய்கிறது என்று யாரும் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை.

யாரும் என்று சொல்வது முழு நியாயமாகாது. அவருக்கு முன்னால் இரண்டு ஜெர்மானியர்கள் கதவைத் தட்டியிருந்தார்கள். அவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஸ்பாண்டாவுக்குத் திரும்புகிறேன்.

முதலாமவர் ருடோல்ஃப் யாகோப் கமெராரியஸ். ட்யூபிங்கன் பல்கலைக்கழகத் தோட்டத்தின் பொறுப்பாளர். செடிகளுக்கு ஆண், பெண் உண்டு என்பதை ஊகமாகச் சொல்லாமல், சோதனை செய்து காட்டியவர். அவருடைய சோதனைச் செடிகளில் இரண்டு நம் தோட்டத்திலேயே நிற்பவை: ஆமணக்கும் மக்காச்சோளமும். ஆமணக்கில் ஆண்பூ மொட்டுகளை, மகரந்தப்பை வெடிப்பதற்கு முன்னால் கிள்ளி எடுத்துவிட்டார். முழுமையான விதை ஒன்றுகூடத் தேறவில்லை. மக்காச்சோளக் கதிரின் நுனியில் குஞ்சம் போலத் தொங்குமே பட்டுநூல், அதைத் தொடக்கத்திலேயே வெட்டிவிட்டார். கதிரில் மணி பிடிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் ஆண்மரம் இல்லாத பெண் மல்பெரி மரம் பழுத்தாலும், அதன் விதைகள் வெறும் சாவிகளாக இருப்பதையும் பார்த்தார். 1694இல், கீஸன் நகரப் பேராசிரியர் வாலெண்டினிக்கு நீண்ட கடிதமாக இதையெல்லாம் எழுதி அச்சிட்டார். மகரந்தம் ஆண்பொருள், அது சூல்முடியைச் சேராமல் விதை இல்லை என்பது அன்றே நிறுவப்பட்டுவிட்டது.

இரண்டாமவர் யோசெஃப் கோட்லீப் கோல்ராய்ட்டர். 1760இல் இரண்டு புகையிலை இனங்களைக் கலந்து முறையான கலப்பினச் செடியை உண்டாக்கியவர். மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுபோய்ச் சேர்ப்பதில் பூச்சிகளுக்குப் பங்கு இருக்கிறது என்பதை 1761இலிருந்து அவர் வெளியிட்ட அறிக்கைகளில் பல செடிகளுக்குக் காட்டினார். ஆனால் அவர் கவனமெல்லாம் கலப்பினத்தின் மேல் இருந்தது. பூவின் வடிவம் முழுவதையும் பூச்சியோடு சேர்த்து வைத்துப் படிக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றவில்லை. அது தோன்றியது ஸ்பாண்டாவ் தலைமையாசிரியருக்கு.

கிறிஸ்டியான் கொன்ராட் ஸ்ப்ரெங்கல் 1750இல், ஹாவெல் ஆற்றங்கரையிலுள்ள பிராண்டன்பர்க் நகரில் பிறந்தார். தந்தை தேவாலய ஊழியர். அந்தப் பெரிய குடும்பத்தில் இவர் 15ஆவது பிள்ளை. ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியலும் மொழிகளும் படித்தார். பெர்லினில் சில ஆண்டுகள் ஆசிரியர் வேலை, பிறகு 1780இல் ஸ்பாண்டாவ் நகர லூத்தரன் பள்ளிக்குத் தலைமையாசிரியர். மணம் செய்துகொள்ளவில்லை. தாவரவியலில் பட்டமோ பயிற்சியோ எதுவும் கிடையாது.

பூக்களிடம் அவரை அனுப்பியவர் ஒரு மருத்துவர். எர்ன்ஸ்ட் லுட்விக் ஹைம் அந்தக் காலத்தில் பெர்லின் வட்டாரமே கொண்டாடிய வைத்தியர். ஏழைகளிடம் பணம் வாங்காதவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. செடிகொடிகளில் ஆழ்ந்த பற்றுள்ளவர். இளைஞராக இருந்த அலெக்ஸாண்டர் ஃபான் ஹும்போல்ட்டுக்குத் தாவரவியலின் முதல் பாடங்களைச் சொல்லிக் கொடுத்தவரும் இவரே. உடல் நலிந்து, மனமும் சோர்ந்து வந்த பள்ளி ஆசிரியரிடம், வெளிக்காற்றில் நடங்கள், செடிகளைப் பாருங்கள் என்றார் ஹைம். எழுதிக் கொடுத்த மருந்தைவிட இது நன்றாக வேலை செய்தது. ஸ்ப்ரெங்கல் அடியோடு பூக்களின் பக்கம் சாய்ந்துவிட்டார்.

ஜெரேனியத்துக்கு அடுத்த கோடை, 1788. இப்போது அவர் கையில் இருப்பது மயோசோடிஸ் என்னும் சின்னஞ்சிறு நீலப்பூ. ஈர நிலங்களில் கூட்டமாகப் பூப்பது. நீல வட்டத்தின் நடுவே, தேன்குழாயின் வாயைச் சுற்றி, மஞ்சள் வளையம் ஒன்று இருக்கிறது. ஜெரேனியத்தின் மயிருக்குக் காரணம் கண்டுபிடித்தவர் இந்த மஞ்சளைச் சும்மா விடுவாரா? பூச்சி காற்றில் பறந்து வருகிறது. தூரத்திலிருந்து பூவின் மொத்த நிறத்தைப் பார்த்து வருகிறது. வந்து இறங்கியபின் தேன் எங்கே என்று தெரிய வேண்டுமே. அதற்குத்தான் வாசலில் இந்த வளையம் என்றார். மற்றப் பூக்களை எடுத்துப் பார்த்தார். இதழில் கோடுகள், புள்ளிகள், வேறு நிறத் தீற்றல்கள் இருக்கும் இடமெல்லாம், அவை தேன் இருக்கும் பக்கமே காட்டின. இரவில் விரியும் பூக்களைச் சோதித்தபோது அவற்றில் இந்த அடையாளம் இல்லை. பூ பெரிதாகவும் வெளிர் நிறமாகவும் இருக்கிறது, இருட்டில் அது தெரியும், கோடும் புள்ளியும் தெரியப்போவதில்லை, ஆகவே இல்லை என்று விடை சொன்னார். நம் மல்லிகையும் நிஷாகந்தியும் வெள்ளையாக இருப்பதற்கும், பொழுது சாய்ந்தபின் மணப்பதற்கும் விடை அந்தத் திசையில்தான் இருக்கிறது.

இதுவரை அவர் கண்டது பூச்சிக்குப் பூ செய்யும் ஏற்பாடு. பூவுக்குப் பூச்சி என்ன செய்கிறது? அதை 1789இல் ஐரிஸ் பூக்கள் காட்டின. ஐரிஸ் பூவில் சூல்தண்டின் கிளைகளே இதழ் போல அகன்று வளைந்திருக்கும். அந்த வளைவுக்கு அடியில் மகரந்தப்பை ஒளிந்திருக்கும். சூல்முடி என்பது அதே கிளையின் கீழ்ப்புறத்தில், நுனிக்கருகில் ஒரு சிறு மடிப்பு. மகரந்தம் தானாக விழுந்தால் அந்த மடிப்பில் சேர வழியே கிடையாது. காற்றும் உள்ளே நுழையாது. ஆக, தேனுக்காக அந்தக் குகைக்குள் நுழையும் வண்டு ஒன்றுதான் மிச்சம். வண்டு வராவிட்டால் இந்தச் செடிக்கு விதை கிடையாது. தேன் இனாமும் இல்லை, திருட்டுப் பொருளும் இல்லை. அது கூலி.

1790ஆம் ஆண்டுக் கோடைதான் எல்லாவற்றிலும் பெரியது. எபிலோபியம் என்னும் செடியில் நீண்ட பூங்கொத்து கீழிருந்து மேலாக மலர்ந்துகொண்டே போகும். ஒரே பூவில் மகரந்தத்தாளும் சூல்முடியும் இருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் முதிர்வதில்லை என்பதை ஸ்ப்ரெங்கல் கண்டார். புதிதாக விரிந்த பூவில் மகரந்தப்பைகள் வெடித்து மகரந்தம் கொட்டுகிறது, சூல்முடியோ இன்னும் மூடியே இருக்கிறது. மகரந்தமெல்லாம் போய்த் தாள்கள் தளர்ந்தபின்தான் அது விரிகிறது. அப்படியென்றால் தன் மகரந்தத்தால் அது கருவுற முடியாது. மேலேயுள்ள இளம்பூவின் மகரந்தத்தைக் கொண்டு கீழேயுள்ள முதிர்ந்த பூவைக் கருவுறச் செய்பவை தேனீக்கள். அடுத்த ஆண்டு, யூஃபோர்பியா இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியில் இதற்கு நேர் எதிரான ஏற்பாட்டைப் பார்த்தார். அங்கே சூல்முடி முதலில், மகரந்தம் பிறகு.

நீங்கள் ஒரு கணம் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே பூவுக்குள் விரலிடைத் தூரத்தில் இருக்கின்றன. யார் பார்த்தாலும் அவை ஒன்றுக்கொன்று ஏற்பட்டவை என்றுதான் சொல்வார்கள். லின்னேயஸ் உட்பட ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரே பூவுக்குள் நடக்கும் திருமணமாகவே அதைப் பேசினார்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர், ஒரே பூவைக் காலையிலும் மாலையிலும், இன்றும் நாளையும், முதிர முதிரத் தொடர்ந்து பார்த்ததால், கண்முன் இருப்பதாக எல்லோரும் நம்பியது நடக்கவேயில்லை என்று கண்டுகொண்டார். நறுக்கிக் காகிதத்தில் ஒட்டிய உலர்ந்த பூவில் இது தெரியாது. அது ஒரு நாழிகையின் பிணம். அதில் காலம் இல்லை.

கருஞ்சீரகத்தின் இனத்தைச் சேர்ந்த நைஜெல்லாவை அவர் வருணிக்கும் பகுதி என்னை மிகவும் கவர்ந்தது. இந்தப் பூவின் நடுவே தேன்கிண்ணங்கள் வட்டமாக அமைந்திருக்கும். தேனீ அந்த வட்டத்தில் ஒவ்வொரு கிண்ணமாகக் குடித்துக்கொண்டு சுற்றி வரும். இளம்பூவில் மகரந்தத்தாள்கள் வளைந்து, சுற்றிவரும் தேனீயின் முதுகுக்கு மேலே மகரந்தப்பையை நீட்டிக்கொண்டிருக்கும். முதுகில் மகரந்தம் படியும். பூ முதிர்ந்ததும் தாள்கள் ஒதுங்கிக்கொள்ளும், இதுவரை நிமிர்ந்து நின்ற சூல்தண்டுகள் கீழ்நோக்கி வளைந்து, தாள்கள் இருந்த அதே உயரத்துக்கு வந்து நிற்கும். அடுத்து வரும் தேனீயின் முதுகு இப்போது சூல்முடியில் உரசும். நாம் சமையலறையில் வைத்திருக்கும் கருஞ்சீரகத்தின் உறவுப்பூவில் இவ்வளவு நடக்கிறது. இதைக் கண்டு எழுத அவர் எத்தனை மணிநேரம் அந்தப் பாத்தியின் பக்கத்தில் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

தம் வழிமுறையை அவர் தெளிவாகவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பூவைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் போதாது. அது வளரும் இடத்துக்குப் போக வேண்டும். வெயிலிலும் மழைக்குப் பின்னும், பகலிலும் இரவிலும் பார்க்க வேண்டும். நடந்துகொண்டே பார்க்கக் கூடாது, ஒரு செடியின் அருகே பொறுமையாக உட்கார்ந்து, எந்தப் பூச்சி வருகிறது, எப்படி இறங்குகிறது, உடம்பில் எங்கே மகரந்தம் படிகிறது என்று காத்திருந்து காண வேண்டும். இன்று களஆய்வு என்று நாம் சொல்வதன் இலக்கணம் இதுவே. 18ஆம் நூற்றாண்டில் தாவரவியல் பெரும்பாலும் உலர்செடித் தொகுப்பு அறைக்குள் நடந்த வேலை என்பதை மறந்துவிடக் கூடாது. உலகின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் செடிகள் வந்து குவிந்தன. பெயரிடவே நேரம் போதவில்லை. அந்தப் பெயரிடும் வேலையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த அவசரத்தில், உயிரோடிருக்கும் பூவின் முன்னால் உட்காரும் பொறுமை எல்லோருக்கும் அற்றுப்போயிருந்தது.

1793இல் நூல் பெர்லினில் வெளிவந்தது. ஃபீவெக் என்பவர் பதிப்பாளர். பூக்களின் அமைப்பிலும் கருவுறுதலிலும் வெளிப்பட்ட இயற்கையின் இரகசியம் என்பது தலைப்பின் பொருள். 461 செடிகளைப் பற்றிய ஆய்வு. 25 செப்புத்தகட்டுப் படப்பக்கங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு படங்கள், எல்லாம் அவரே வரைந்தவை. ஆடுதின்னாப்பாளையின் உறவான அரிஸ்டோலோக்கியாப் பூ, குழாயின் உள்ளே கீழ்நோக்கிய மயிர்களால் சிறு ஈக்களை உள்ளேயே அடைத்துவைத்து, வேலை முடிந்தபின் மயிர்கள் சுருங்க அவற்றை வெளியே விடுவது அந்த நூலில் இருக்கிறது. நிறமும் தேனும் இல்லாத பூக்கள் காற்றை நம்பியிருப்பவை, அதனால்தான் அவற்றில் மகரந்தம் அவ்வளவு மிகுதி, அவ்வளவு இலேசு என்ற விளக்கமும் இருக்கிறது.

ஆர்க்கிட் பூக்களைப் பற்றிய பகுதிக்குச் சற்று நேரம் கொடுக்க வேண்டும். சில ஆர்க்கிட்களில் தேன் வைக்கும் நீண்ட குழாய் இருக்கிறது, வாசலில் வழிகாட்டும் நிறமும் இருக்கிறது. குழாயைப் பிளந்து பார்த்தால் ஒரு துளி தேன் இல்லை. மீண்டும் மீண்டும், வெவ்வேறு செடிகளில் பார்த்தார். இல்லை. கடைசியில் தயங்காமல் எழுதினார்: இவை பூச்சியை ஏமாற்றும் பூக்கள். தேன் இருப்பதுபோல் காட்டி, வேலை வாங்கிக்கொண்டு, வெறுங்கையோடு அனுப்புகின்றன. ஒரு மயிரிலும் படைத்தவனின் ஞானத்தைக் கண்டவர், பூவுக்குள் ஒரு வஞ்சகத்தைக் கண்டபோது அதை மறைக்கவில்லை, நம்பிக்கைக்கு ஏற்றபடி வளைக்கவும் இல்லை. டார்வினே பிற்காலத்தில் இதை ஏற்கத் தயங்கினார். இவ்வளவு பெரிய ஏமாற்று தலைமுறை தலைமுறையாக நடக்குமா, பூச்சிகள் அத்தனை அறிவற்றவையா என்று ஐயப்பட்டு, குழாயின் உள்தோலைத் துளைத்து அவை சாறு குடிக்கக்கூடும் என்று கருதினார். ஸ்ப்ரெங்கல் சொன்னதே சரி. ஆர்க்கிட் இனங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, பூச்சிக்கு எதுவும் கொடுக்காமலே காரியம் சாதிப்பவை என்று இன்று தெரியும்.

அப்படிப்பட்ட நூலுக்கு என்ன வரவேற்பு? ஏறக்குறைய ஒன்றுமில்லை. பதிப்பாளர் ஆசிரியருக்கு ஒரு பிரதிகூட இலவசமாகக் கொடுக்கவில்லை. இரண்டாம் பாகம் எழுதும் எண்ணம் ஸ்ப்ரெங்கலுக்கு இருந்தது. அது வரவேயில்லை. பள்ளியிலும் நிலைமை கெட்டது. தேவாலய மேற்பார்வையாளரோடு நெடுநாள் மோதல், பிள்ளைகளிடம் கண்டிப்பு மிஞ்சிவிட்டது என்று பெற்றோரின் முறையீடு. 1794இல் ஓய்வூதியம் கொடுத்து வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். எளிதில் வளைந்து கொடுக்காத மனிதர் என்பதில் ஐயமில்லை. பெற்றோர் சொன்னதில் உண்மையும் இருந்திருக்கும். பூவின் முன் இருந்த பொறுமை மாணவர்கள் முன்னும் இருந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படலாம், ஆனால் மனிதர்கள் அப்படி ஒரே அளவாக அமைவதில்லை.

நூல் ஏன் எடுபடவில்லை? நான் இதைப் பலவாறு யோசித்திருக்கிறேன். நோக்கம், காரணம் என்று அவர் பேசிய பேச்சு அன்றைய அறிஞர்களுக்குப் பிடிக்கவில்லை. கோதே, பெருங்கவிஞர், தாமே செடிகளைப் பற்றி ஆராய்ந்தவர், இயற்கையின் மேல் மனிதப் புத்தியை ஏற்றிச் சொல்கிறார் ஸ்ப்ரெங்கல் என்று 1794இலேயே ஒரு கடிதத்தில் குறை சொன்னார். பல்கலைக்கழகத்தைச் சேராத ஒருவர் இயற்கையின் இரகசியத்தைக் கண்டுவிட்டேன் என்று தலைப்பு வைத்ததும் சிலரை உறுத்தியிருக்கும். ஆனால் என் கருத்தில் முதன்மையான காரணம் நூலுக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பூவும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதை இயற்கை விரும்பவில்லை போலும் என்று அவர் எழுதினார். தம் தோட்டத்தில் பூத்த ஒரு டேலிலிச் செடியின் பூக்களில் அந்தந்தப் பூவின் மகரந்தத்தையே தடவிப் பார்த்து, ஒன்றுகூடக் காய் பிடிக்கவில்லை என்று ஒரே ஒரு சோதனையையும் சான்றாக வைத்தார். ஏன் விரும்பவில்லை? சொந்த மகரந்தத்தில் என்ன குறை? அதற்கு அவரிடம் விடை இல்லை. அந்த விடையில்லாமல், இவ்வளவு பெரிய ஏற்பாடுகளும் கேட்பவர்களுக்கு வீண் சுற்றுவழியாகத்தான் தோன்றியிருக்கும். கையெட்டும் தூரத்தில் இருப்பதைச் சேர்க்க எதற்குத் தேனீயை அழைக்க வேண்டும்?

விடை வர 80 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1841இல், ராபர்ட் பிரவுன் என்னும் பெரிய தாவரவியலாளர் சொல்லி, டார்வின் இந்த நூலை வாங்கிப் படித்தார். தம் தன்வரலாற்றில் அதை வியந்து குறிப்பிடுகிறார். 1862இல் ஆர்க்கிட்களைப் பற்றி அவர் எழுதிய நூலில் ஸ்ப்ரெங்கலின் பெயர் பல இடங்களில் வருகிறது. அதன்பின் ஒருநாள் வேறு எதையோ ஆராய்வதற்காக லினாரியா என்னும் செடியை இரண்டு பாத்திகளில் வளர்த்தார். ஒரு பாத்தியில் தன் மகரந்தத்தில் விளைந்த விதைகள், மற்றதில் வேறு செடியின் மகரந்தத்தில் விளைந்தவை. பக்கத்தில் பக்கமாக நின்றபோது இரண்டாம் பாத்தி கண்ணுக்குத் தெரியும்படி உயர்ந்தும் வலுத்தும் நின்றது. டார்வினுக்கே அது எதிர்பாராதது. அதிலிருந்து பத்தாண்டுக்கு மேல் எத்தனையோ செடிகளில் அதே ஒப்பீட்டை நடத்தி, 1876இல் தனி நூலாக வெளியிட்டார். அயல் மகரந்தத்தால் பிறந்த சந்ததிக்கு வலிமை அதிகம். ஸ்ப்ரெங்கல் கண்ட பூட்டுக்கு இதுதான் சாவி.

ஜெர்மனியில் ஸ்ப்ரெங்கலின் வேலையைக் கையில் எடுத்தவர் ஹெர்மன் ம்யூலர். இவரும் லிப்ஸ்டாட் நகரில் பள்ளி ஆசிரியர். பூக்களுக்கு வரும் பூச்சிகளை இனம் இனமாகக் குறித்து, 1873இல் பெருநூல் ஒன்றைக் கொண்டுவந்தார். இவரும் பள்ளியில் மதவாதிகளின் எதிர்ப்பைச் சந்தித்தார், ஆனால் வேலையை இழக்கவில்லை. ஸ்ப்ரெங்கலின் நூல் வெளிவந்து நூறாண்டு ஆனபோது மறுபதிப்புகள் வந்தன. 20ஆம் நூற்றாண்டில் கார்ல் ஃபான் ஃப்ரிஷ் தேனீக்களுக்கு நிறம் தெரியும் என்று சோதனையால் நிறுவினார். பிறகு, நம் கண்ணுக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் சில பூக்களில், புற ஊதாக் கதிர் படும்போது மட்டும் வெளிப்படும் வழிகாட்டிக் கோலங்கள் இருப்பது தெரிய வந்தது. மயோசோடிஸின் மஞ்சள் வளையத்தைப் பார்த்து அவர் சொன்னது, அவர் கண்ணுக்கே எட்டாத கோலங்களுக்கும் பொருந்தியது.

இனி அவருடைய பெர்லின் நாட்களைச் சொல்லி முடிக்கிறேன். வேலை போனபின் பெர்லினில் மாடி அறையொன்றில் தனியாக வாழ்ந்தார். மொழிகள் கற்றுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில், விரும்பி வந்தவர்களை ஊருக்கு வெளியே அழைத்துப்போய், சில குரோஷன் காசுக்குச் செடிகளைக் காட்டினார். அவர் இறந்த பிறகு, அப்படிக் கூடப் போன ஒருவர் எழுதிய நினைவுக்குறிப்பு 1819இல் அச்சில் வந்தது. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் ஒரு பகுதி அதிலிருந்து கிடைத்ததே. 1816இல் அவர் காலமானார். எங்கே புதைத்தார்கள் என்பதற்கு இன்று அடையாளம் இல்லை.

இறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால், 1811இல், ஒரு சிறுநூல் எழுதினார். தாவரவியல் வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடும் அந்த நூலை நான் அவருடைய பெருநூலுக்கு இணையாக மதிக்கிறேன். தேனீக்களின் பயனும் தேனீ வளர்ப்பின் இன்றியமையாமையும் என்பது அதன் பொருள். அறிஞர்கள் கேட்கவில்லை, ஆகவே விவசாயிகளிடமும் அரசிடமும் பேசலாம் என்று நினைத்தார் போலும். நெப்போலியனிடம் தோற்றுப் பிரஷ்ய நாடு வறண்டு கிடந்த காலம் அது. தேனும் மெழுகும் தேனீயால் வரும் சிறிய ஆதாயம், பழத்தோட்டத்திலும் வயலிலும் காயும் விதையும் பிடிக்கச் செய்வதே அதன் பெரிய வேலை என்று எடுத்துச் சொன்னார். போர் இல்லாதபோதும் அரசு நிலைப்படை வைத்திருக்கிறதே, அதைப்போல நாடெங்கும் தேனீக்களின் நிலைப்படை ஒன்று வேண்டும் என்று கேட்டார். தேனீயைத் தேனுக்காக வளர்க்காமல் விளைச்சலுக்காக வளர்க்க வேண்டும் என்று இவ்வளவு தெளிவாக அவருக்கு முன் யாரும் எழுதி நான் படித்ததில்லை. இன்று தர்பூசணி, சூரியகாந்தி வயல்களில் தேனீப் பெட்டி வைக்கிறார்கள் என்றால், அதன் பின்னால் இருக்கும் அறிவு அந்தச் சிறுநூலில் இருக்கிறது.

தேனீ இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. மெக்சிகோவின் வனிலாக் கொடியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரியூனியன் தீவுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். கொடி செழித்தது, பூத்தது, காய்க்கவில்லை. அதன் மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே மெல்லிய தடுப்பு ஒன்று உண்டு, ஐரிஸில் ஸ்ப்ரெங்கல் பார்த்த மாதிரி, தானாக ஒன்றும் நடக்காது. மெக்சிகோவில் அந்த வேலையைச் செய்யும் தேனீ அந்தத் தீவில் இல்லை. டார்வின் லண்டனில் ஸ்ப்ரெங்கலைப் படித்த அதே 1841இல், எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியால் அந்தத் தடுப்பைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்க்கும் எளிய வழியைக் கண்டுபிடித்தான். உலகின் வனிலாத் தோட்டங்கள் அந்தச் சிறுவன் காட்டிய வழியில்தான் நடக்கின்றன. கேரளத்திலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் வனிலா வைத்திருப்பவர்கள், பூக்கும் பருவத்தில் காலை வேளையில், ஒருநாள் மட்டுமே விரிந்திருக்கும் பூக்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போய், தேனீயின் வேலையைக் கையால் செய்துகொண்டிருக்கிறார்கள்.